செல்லப்பன் கடையில் மஞ்சள் புகை

வேப்பந்தட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை எங்கே என்று கேட்டுப் பாருங்கள். ‘சிஸ்டம் செல்லப்பனா?’ என்று திருப்பிக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் சிரிப்பார்கள். அப்புறம்தான் கையைக் காட்டுவார்கள். தாலுகா ஆபீஸ் ரோட்டில் ஒட்டினாற்போல் மூன்று கடை. அந்தக் கடைசியில் அமிர்தவல்லியின் தையல் கடை, நடுவில் செல்லப்பன், இந்தப் பக்கம் என் ஜெராக்ஸ் கடை. எனக்கும் செல்லப்பனுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அவர் தும்மினால் எனக்குக் கேட்கும். இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தும்மலையும் தம்பட்டத்தையும் கேட்டவன் என்பதால் அவரைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு.

செல்லப்பனுக்கு இப்போது ஐம்பத்தாறு வயது. அப்பா வைத்துவிட்டுப் போனது நாலு ஏக்கர் மானாவாரி. பருத்தியும் மக்காச்சோளமும் போடலாம். மண்வெட்டி பிடிக்கக் கை கூசி, பெரம்பலூருக்குப் போய் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தார். வாங்கி வந்த சான்றிதழை லேமினேஷன் போட்டு, பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில் மாட்டினார். பிள்ளையாருக்கு ஒரு செவ்வந்தி வைத்தால் சான்றிதழுக்கும் ஒரு செவ்வந்தி உண்டு. அந்தக் காலத்தில் அவர் கடைக்குள் நுழைய வேண்டுமானால் செருப்பை வாசலில் விட வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதாம். ஊரே கழற்றிப் போட்டுவிட்டுப் பயபக்தியோடு உள்ளே போயிற்று. நானும்தான் கழற்றினேன்.

அவரிடம் இருந்த வைத்தியம் மொத்தம் மூன்று. முதலில் ரீஸ்டார்ட். அதில் தீராவிட்டால் எல்லாக் கேபிளையும் பிடுங்கித் திரும்பச் சொருகுவார். அதிலும் தீராவிட்டால் பார்மட். பார்மட் போட்டால் உள்ளே இருந்த கல்யாண போட்டோ, பத்திர நகல், பிள்ளைகளின் புராஜெக்ட் எல்லாம் துடைத்துவிட்ட மாதிரி போய்விடும். வந்து அழுதால், “வைரஸ் தின்னுருச்சு, நான் என்ன பண்றது?” என்பார். இதில் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. கொண்டுவந்த பொருளை அவர் ஒருநாளும் உற்றுப் பார்க்கமாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நேராக செட்டிங்ஸுக்குள் போய்விடுவார். மாடு நொண்டுகிறது என்று ஓட்டிவந்தால், காலைப் பார்க்காமல் ஜாதகத்தை விரிக்கிற ஆள்.

கொரோனா வந்தது. ஊர் உலகம் வீட்டுக்குள் அடைந்தது. செல்லப்பனுக்கு வாழ்வு வந்தது. பள்ளிக்கூடம், காலேஜ், பெண் பார்ப்பது, துக்கம் கேட்பது எல்லாம் வீடியோ காலுக்குப் போன வருஷம் அது. குரல் கேட்கவில்லை, முகம் தெரியவில்லை என்று முகக்கவசத்தோடு வாசலில் வரிசை நிற்கும். “மைக்க ம்யூட்ல வச்சிட்டு ஊமை மாதிரி கத்துனா யாருக்குக் கேக்கும்?” “சன்னலுக்கு முதுகக் காட்டி உக்காந்தா மூஞ்சி இருட்டாத்தான் தெரியும், திரும்பி உக்காரு.” “ரெண்டு போன பக்கத்துல பக்கத்துல வச்சா கீச்சு கீச்சுன்னுதான் கத்தும்.” உண்மையைச் சொன்னால், இதெல்லாம் அவர் சரியாகத்தான் சொன்னார். சொன்ன விதம்தான் தாங்காது. பத்துப் பேர் நடுவில் ஒருத்தனை முட்டாளாக்காமல் அவருக்கு ஒரு கோளாறும் சரியாகாது.

என்னையும் ஆக்கினார். என் மகள் வளர்மதிக்கு அப்போது காலேஜ் ஆன்லைன் வகுப்பு. லேப்டாப்பில் முகம் வரவில்லை, ஒரே கறுப்பு. நான் தூக்கிக்கொண்டு போனேன். அவர் திரைக்கு மேலே இருந்த குட்டித் தகட்டை நகத்தால் ஒரு தள்ளு தள்ளினார். படம் வந்துவிட்டது. வாங்கினபோதே கேமராவுக்கு மூடி இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. “மூடியத் தொறக்காம தூக்கிட்டு வந்துட்டான்யா!” என்று வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தார். அன்றிலிருந்து எனக்குப் பெயர் மூடி. “மூடி, டீ சொல்லு.” “மூடி, ரெண்டு ஜெராக்ஸ் போடு.” கொரோனா போய்விட்டது, இந்தப் பெயர் போகவில்லை. கடைக்கு வருகிற சின்னப் பெண்கள்கூட, ‘மூடி அண்ணன் கடைதானே?’ என்று கேட்டால் மனிதனுக்கு எப்படி இருக்கும்?

இவ்வளவு பேசுகிறவருக்குப் பெற்ற மகளோடு பேச்சு இல்லை. ஒரே மகள் பூங்குழலி, பெங்களூரில் வேலை பார்த்த இடத்தில் வேறு ஆட்கள் வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டாள். செல்லப்பன் கல்யாணத்துக்குப் போகவில்லை. அவர்கள் காலில் விழ வந்தபோது, கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். முகத்தைக்கூடக் காட்டவில்லை. வெயிலில் அரை மணி நேரம் நின்றுவிட்டு அந்தப் பெண் போனாள். அது மூன்று வருஷத்துக்கு முந்தைய கதை. இப்போது நெதர்லாந்தில் இருக்கிறார்கள். செல்லப்பன் மனைவி பாக்யலட்சுமி அண்ணி மட்டும் மகளோடு தினம் போனில் பேசுவார். அது செல்லப்பனுக்குத் தெரியும். தெரியாதது போல் இருப்பார்.

போன செப்டம்பர் கடைசியில் பூங்குழலிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அண்ணி போனில் படம் வந்தது. செல்லப்பன் அதைப் பார்க்கமாட்டேன் என்று காலையில் சொன்னார். மத்தியானம் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் அந்தப் போன் இருந்ததாம். சாயங்காலம் என் கடைக்கு வந்து, “மூடி, என் பேத்தி நெத்தி எங்கம்மா நெத்தி மாதிரியே இருக்குடா” என்றார். அவ்வளவுதான், மூன்று வருஷத்து வீறாப்பு கரைந்துவிட்டது.

பூங்குழலியும் இறங்கி வந்தாள். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தாள். எங்கள் பக்கம் முப்பதாம் நாள் குழந்தைக்குப் பேர் வைத்து, பெரியவர் ஒருவர் காதில் மூன்று தடவை அந்தப் பெயரைச் சொல்வது வழக்கம். அவள் அம்மாவிடம் சொல்லி அனுப்பியது இது: “அப்பா வீடியோ கால்ல வந்து பேர் சொல்லட்டும். ஆனா மூஞ்சியக் காட்டணும். அன்னைக்கு ஷட்டருக்குப் பின்னாடி உக்காந்த மாதிரி இன்னொரு தடவ நடந்தா, எங்க மாமனாரே பேர் சொல்லிக்கட்டும். அதோட விட்டுடறேன்.”

இதற்கு இடையில் ஆயுத பூஜை வந்து போனது. மூன்று கடைக்கும் சேர்த்து வருஷா வருஷம் பூஜை போடுகிறவன் நான்தான். கைராசி என்று இரண்டு பேரும் எனக்கே விட்டுவிட்டார்கள். பன்னீர் விட்டுச் சந்தனம் குழைத்து, தையல் மெஷினிலிருந்து ஸ்டேப்ளர் வரைக்கும் பொட்டு வைப்பேன். சந்தனத்துக்கு மேல் குங்குமம். வாசலில் பூசணிக்காய், உள்ளே பொரிகடலை. பூஜைப் பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது செல்லப்பனின் சட்டம். தீபாவளி தாண்டியும் அவர் கடையில் மானிட்டர், கீபோர்டு, பிரிண்டர் எல்லாம் பொட்டும் பூவுமாகத்தான் நிற்கும்.

முதல் வீடியோ கால், பூஜை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை. நாலு மணிக்கு அவர் சிஸ்டத்தில் உட்கார்ந்தார். மானிட்டர் தலையில் கொரோனா வருஷத்தில் வாங்கின உருண்டைக் கேமரா, எலுமிச்சம்பழ அளவில் இருக்கும். நானும் அமிர்தவல்லியும் பின்னால் நின்றோம். எள்ளுதான் எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது என்று நீங்கள் கேட்கலாம். வேடிக்கை பார்க்கத்தான்.

பூங்குழலி திரையில் வந்தாள். பளிச்சென்று தெரிந்தாள். செல்லப்பன், “கேக்குதா? கேக்குதா?” என்று கத்தினார்.

“அப்பா, ஒரே மஞ்சளா புகையா இருக்குப்பா. நீங்க எங்க இருக்கீங்க? குரல் குடத்துக்குள்ளேர்ந்து வர மாதிரி இருக்கு.”

“கோளாறு உன் பக்கம்தான். நீ ரீஸ்டார்ட் பண்ணு.”

அந்தப் பெண் நெதர்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துத்தான் சம்பளம் வாங்குகிறாள். அவளுக்குப் போய் ரீஸ்டார்ட் சொல்லிக்கொடுத்தார். அவள் பொறுமையாகச் செய்துவிட்டு வந்தாள். அப்போதும் அதே புகை, அதே குடம். பத்து நிமிஷம் கத்திப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்கள். செல்லப்பன் எங்கள் பக்கம் திரும்பி, “நெட்டு சரியில்ல” என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அந்த வாரம் முழுக்க அவர் நெட்டுக்காரனோடு சண்டை. கேபிளை எல்லாம் பிடுங்கிச் சொருகினார். வாசலில் புது டியூப் லைட் போட்டார். கடைசியில் தன் சிஸ்டத்துக்குத் தானே பார்மட் போட்டார். உள்ளே இருந்த பூங்குழலியின் சின்ன வயசுப் போட்டோக்களும் அதோடு போயின என்று அண்ணி சொன்னார். தன் வைத்தியத்தைத் தானே குடித்த வைத்தியனை நான் அன்றுதான் பார்த்தேன். “அண்ணி போன்ல பேசிட்டுப் போங்களேண்ணே” என்று ஒரு வார்த்தை சொன்னேன். “இருவத்திரெண்டு வருஷம் சிஸ்டம் பாத்தவன், என் கடைல ஆவாம பொம்பள போன்ல பேசுனேன்னு ஊரு சிரிக்கணுமாடா மூடி?” என்றார்.

அடுத்த ஞாயிறு இரண்டாவது கால். மறுபடியும் மஞ்சள் புகை. மறுபடியும் குடம். பூங்குழலியின் முகம் மாறிவிட்டது. “என்கிட்ட மூஞ்சியக் காட்ட இஷ்டமில்லன்னா நேரா சொல்லிடுங்கப்பா. இத்தன பேருக்கு சரிபண்ணிக் குடுத்த உங்களுக்கு இது வரலன்னு சொன்னா யாரு நம்புவா?” என்றாள். செல்லப்பன் ஏதோ சொன்னார். அது அவளுக்குக் கேட்கவில்லை.

அந்த நேரத்தில்தான் சாயங்கால வெயில் ஷட்டர் வழியாகச் சாய்ந்து உள்ளே விழுந்தது. கேமரா உருண்டையின் கண்ணில் பட்டது. கண்ணாடி மேல் மஞ்சளாக ஒரு படலம் மின்னியது. அதில் ஒரு விரலின் ரேகை அப்படியே பதிந்திருந்தது. கீழே மைக்குக்கு இருக்கிற ஊசித் துளையில் காய்ந்த சந்தனத் துணுக்கு அடைத்துக்கொண்டிருந்தது. அந்த விரல் என்னுடையது. பூஜையன்று, எல்லாவற்றுக்கும் வைத்தாயிற்றே, இது மட்டும் என்ன பாவம் செய்தது என்று உருண்டைக்கும் ஒரு பொட்டு வைத்தேன். அதற்கு நெற்றி என்று தனியாக ஏது? முகம் முழுக்கக் கண்தான். நட்ட நடுவில் வைத்தேன். கட்டியாக இருந்தது உதிர்ந்துவிட்டது, படலம் ஒட்டிக்கொண்டது.

துண்டை எடுத்து ஒரு துடை துடைத்திருந்தால் முடிந்தது. நான் துடைக்கவில்லை.

ஏன் என்று நான் பூசி மெழுக விரும்பவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. நாலு வருஷம் மூடி, மூடி என்று கூப்பிட்டவர், தன் மூக்குக்கு முன்னால் இருக்கிற கண்ணாடியைப் பார்க்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். அனுபவிக்கட்டும் என்று நினைத்தேன். ‘கொளஞ்சி, என்னடா இது, நீ பாத்து சொல்லு’ என்று ஒரு தடவை என் பெயரைச் சொல்லிக் கேட்கட்டும், அப்போது பத்துப் பேர் நடுவில் துடைத்துக் காட்டுகிறேன் என்று வீட்டுக்குப் போய்விட்டேன். அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அவர் கேட்கவில்லை. ஒருநாள் போயிற்று, ஒரு வாரம் போயிற்று. பெரம்பலூர் போய்ப் புது ரூட்டர் வாங்கி வந்தார். பின்னால் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினார். டேபிளை நாலு பக்கமும் திருப்பிப் போட்டார். வந்த வேலையை எல்லாம் திருப்பி அனுப்பினார். கன்னம் ஒட்டிப்போனது. சுவருக்கு அந்தப் பக்கம், ஆளில்லாத கடையில், “கேக்குதா? கேக்குதா?” என்று தனியாகச் சொல்லிப் பார்ப்பது எனக்குக் கேட்கும். ஒருநாள் அண்ணி வந்து, “தூங்க மாட்டேங்கறாரு கொளஞ்சி. மவ அவ மாமனார்கிட்ட சொல்லி வச்சிட்டா. அந்த மனுசன் பேர் சொல்லப் பயணம் போட்டு வந்து எறங்கிட்டாராம்” என்று கண்ணைத் துடைத்தார். சொல்லியிருக்கலாம். ‘அவர் கேக்கட்டும் அண்ணி’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு அவருக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். என்னைப் போல ஒரு கெட்டவனை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். ஆனால் அன்று எனக்கு என்னைப் பற்றி அப்படித் தோன்றவில்லை.

முப்பதாம் நாள் வந்தது. செல்லப்பன் சவரம் பண்ணி, வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றி நிறைய விபூதி பூசி உட்கார்ந்தார். பக்கத்தில் அண்ணி பட்டுப் புடவையில். பின்னால் நானும் அமிர்தவல்லியும் இன்னும் நாலைந்து பேரும். திரையில் பூங்குழலி, மடியில் குழந்தை, சுற்றி அவர்கள் வீட்டு ஆட்கள். நல்ல நேரம் நாலரைக்கு முடிகிறது என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தாள்.

“அப்பா, தெரியல. இன்னிக்கும் தெரியல.”

“இருடா கண்ணு, இரு.” எதையெதையோ அமுக்கினார். நாலு இருபது ஆயிற்று. கேமராவுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், “முத்தமிழ்! முத்தமிழ்!” என்று கத்தினார். குழந்தைக்கு வைக்க வேண்டிய பெயர் அது. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது.

“ஒண்ணும் புரியலங்க சம்பந்தி” என்று அங்கே ஒரு குரல். பட்டு வேட்டி கட்டின பெரியவர் ஒருவர் குழந்தை பக்கமாகக் குனிந்தார். பூங்குழலி அழவில்லை. “சரிப்பா, விடுங்க. நேரமாச்சு” என்றாள். ஷட்டர் முன்னால் வெயிலில் நின்றுவிட்டுப் போனபோதும் அவள் முகம் இப்படித்தான் இருந்தது.

செல்லப்பன் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார். மெல்லத் திரும்பினார். அத்தனை பேர் இருந்தும் என்னைத்தான் பார்த்தார்.

“கொளஞ்சி, எனக்குத் தெரியலடா. நீ பாத்து சொல்லுடா.”

நான் காத்துக் கிடந்த வார்த்தை. பதினாறு நாள். தோள்துண்டின் நுனியைத் தண்ணீர் பாட்டிலில் நனைத்துக் கேமராவைத் துடைத்தேன். “அண்ணி, ஊக்கு குடுங்க” என்றேன். வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். துளையில் விட்டு நிமிண்டினேன். துணுக்கு தெறித்தது.

அங்கிருந்து பூங்குழலியின் குரல் வந்தது. “அப்பா மூச்சு விடறது கேக்குது.” அப்புறம், “என்னப்பா, இப்படி எளைச்சுப் போயிட்டீங்க?” என்றாள்.

செல்லப்பன் அழுதுகொண்டே மூன்று தடவை பெயரைச் சொன்னார். இந்தத் தடவை கத்தவில்லை. அங்கே போனைக் குழந்தையின் காதுக்குப் பக்கத்தில் பிடித்தார்கள். மூன்றாவது தடவைக்குக் குழந்தை கையை விரித்தது. அண்ணி குலவை போட ஆரம்பித்து, பாதியில் அழுதுவிட்டார்.

எல்லோரும் போன பிறகு செல்லப்பன் என் துண்டில் இருந்த மஞ்சள் கறையைப் பார்த்தார். பொட்டு வைப்பவன் யார் என்று அவருக்குத் தெரியும். இப்போது திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

“எப்படா பாத்த?” என்றார்.

“இப்பதாண்ணே” என்றேன்.

நம்பிவிட்டார். செட்டிங்ஸுக்கு வெளியே அவருக்கு எப்போதுமே எதுவும் தெரியாது. மறுநாள் காலையிலிருந்து ஊர் முழுக்க ஒரே பேச்சு: “இருவத்திரெண்டு வருஷம் தொழில் பண்ணி என்ன? கொளஞ்சி ஒரு பார்வ பாத்தான், முடிஞ்சிருச்சு. அவன் இல்லன்னா எம் பேத்திக்கு எவனோ பேர் வச்சிருப்பான்.” ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைச் சுவருக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்த் திரை முன்னால் உட்கார வைக்கிறார். “சித்தப்பா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல” என்கிறாள் பூங்குழலி. குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டுகிறாள். கேமரா துல்லியமாக இருக்கிறது. என் முகம் அவளுக்கு நன்றாகத் தெரிகிறது.

இப்போதெல்லாம் வீடியோ கால் கோளாறு என்று யார் வந்தாலும், “கொளஞ்சி சார்கிட்ட காட்டுங்க” என்று அனுப்பிவிடுகிறார். டீ வேண்டுமென்றாலும் கொளஞ்சிதான், ஜெராக்ஸ் வேண்டுமென்றாலும் கொளஞ்சிதான். ஒரே ஒரு தடவை பழையபடி மூடி என்று கூப்பிட்டால் தேவலை போலிருக்கிறது. அந்த மனிதர் கூப்பிடமாட்டேன் என்கிறார்.